நேயர் எண்ணிக்கை

இரண்டாயிரத்து எட்டாம் வருடம் ஆனி மாதத்தில் திண்டுக்கல்லுக்கு வலையொலி வந்தது. வந்த செய்தியை ஊருக்குச் சொல்ல, ஆட்டோவில் குழாய் கட்டி இரண்டு நாள் தெருத்தெருவாகக் கத்தினார்கள். இனிமேல் வியாபாரிகள் யாரும் குழாய் கட்டிக் கத்த வேண்டியதில்லை, கம்ப்யூட்டரில் ஒருமுறை பேசினால் உலகமே கேட்கும் என்பதுதான் அந்தக் குழாய் கத்திய செய்தி.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் பலகை மாட்டினார்கள். 'சிறுவணிகர் வலையொலிவழிச் சந்தைப்படுத்துதல் மற்றும் மேம்பாட்டு மையம்.' பெயர் நீளம், சுவர் குட்டை. ஆகையால் 'மேம்பாட்டு மையம்' என்ற பகுதி மட்டும் மூலை திரும்பிச் சந்துக்குள் போய்விட்டது. மேம்பாட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் சந்துக்குள் நுழைந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். வலையொலி என்பதை வளையல் என்று காதில் வாங்கிக்கொண்டு முதல் வாரத்தில் ஏழெட்டுப் பெண்கள் வளையல் வியாபாரத்துக்கு மனு எழுதிக்கொண்டு வந்தார்கள். அவர்களிடம் கையெழுத்து வாங்கி வருகைப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டு, தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். மையத்தின் முதல் வெற்றி அதுதான்.

மையத்துக்கு இயக்குநராக வந்தவர் சுப்புராஜ். எழுதிவைத்துப் படிப்பதுபோலவே எப்போதும் பேசுவார். வீட்டில் தண்ணீர் கேட்டாலும் 'குடிநீர் வழங்கப்படலாமே' என்பார் என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டார்கள். ஒரு நாள் அவர் கால் கிலோ புளி வாங்க சந்தை ரோட்டுக்குப் போனார். அங்கே இஞ்ஞாசி, அமலராணி தம்பதியின் புளிக்கடை இருந்தது. திரும்பி வரும்போது சுப்புராஜ் கையில் ஒன்றரைக் கிலோ புளி இருந்தது. எப்படி வாங்கினோம் என்று அவருக்கே விளங்கவில்லை. அமலராணியின் பேச்சு அப்படி. இந்த அம்மாள் வலையொலியில் பேசினால் வியாபாரம் எங்கேயோ போய்விடும் என்று அன்றைக்கே முடிவு செய்தார். வலையொலி இல்லாமலேயே தன்னிடம் ஒன்றரைக் கிலோ விற்றுவிட்டாளே என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

இஞ்ஞாசியும் அமலராணியும் மேட்டுப்பட்டியில் குடியிருந்தார்கள். பிள்ளை இல்லை. மாசி, பங்குனியில் நத்தம் தோப்புகளுக்குப் போய்ப் புளி எடுத்து வந்து, கொட்டை நீக்கி, வருடம் முழுக்க விற்பார்கள். நிறுக்கிற வேலை இஞ்ஞாசிக்கு, பேசுகிற வேலை அமலராணிக்கு. கல்யாணமாகி இருபத்தாறு வருடமாக அந்த ஏற்பாட்டில் மாற்றமில்லை. இஞ்ஞாசி ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். பேச்சுக்கு அவசியமே இல்லாதபடி அமலராணி எல்லாவற்றையும் பேசிவிடுவாள். மாதா கோயில் பங்குக் கூட்டத்தில் இஞ்ஞாசியிடம் கருத்துக் கேட்டால்கூட அவர் அவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்.

மையத்தில் மூன்று நாள் பயிற்சி நடந்தது. சுவரில் 'வலையொலியின் பதினான்கு நன்மைகள்' என்று பெரிய தாள் தொங்கியது. சுப்புராஜ் ஒரு குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"மூன்றாவது நன்மை. நேயர் தமக்கு வசதியான நேரத்தில் கேட்கலாம். ஐந்தாவது நன்மை. குரல் நம்பிக்கையை வளர்க்கும். எட்டாவது நன்மை. ஒருமுறை பதிந்துவிட்டால் அதற்கு அழிவே இல்லை."

அமலராணி எழுந்தாள். "சார், இந்தப் பாட்டுக் கேசட்ட யாரு கேப்பாக?"

"பாட்டுக் கேசட் இல்லை அம்மா. பாட்காஸ்ட். தமிழில் வலையொலி."

"சரிங்க, அத யாரு கேப்பாக?"

"உலகம்."

"உலகத்துக்கு எங்க கடை தெரியுமா சார்? ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கவுகளே சாக்கடையத் தாண்டி வரமாட்டேங்குறாக. உலகம் எதத் தாண்டி வரும்?"

சுப்புராஜ் தாளை ஒரு கணம் பார்த்தார். "தங்களது ஐயம் பதினோராவது நன்மையில் தீர்க்கப்படும்" என்றார். பதினோராவது நன்மை தேநீருக்குப் பிறகு வருவதாக இருந்தது. தேநீருக்குப் பிறகு கரண்டு போய்விட்டது. மறுநாள் பன்னிரண்டாவது நன்மையிலிருந்து ஆரம்பித்தார்கள். அந்த ஐயம் அப்படியே நின்றுவிட்டது.

பதிவு நாளன்று அமலராணி கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். குரலைத்தானே பதியப்போகிறார்கள் என்று இஞ்ஞாசி பார்வையாலேயே கேட்டார். "உலகம் கேக்குதாம்ல, கசங்கின சேலையோட பேசச் சொல்றீகளா?" என்றாள். பதிவு அறையில் கம்பளி தொங்கவிட்டு, சன்னலைச் சாத்தி, சத்தம் வருமென்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். இஞ்ஞாசியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அவர் மூச்சுவிடுவது பதிவாகிவிடுமாம்.

கம்ப்யூட்டரில் இருந்தவள் சௌந்தர்யா. ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண். படித்து முடித்து முதல் வேலை. அமலராணியின் கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். 'பேரன்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய நுகர்வோர் பெருமக்களே, புளியானது நமது உணவில் இன்றியமையாத இடத்தினை வகிக்கின்றது' என்று ஆரம்பித்தது அது. 'இன்றியமையாத' என்ற இடத்தில் அமலராணிக்கு நாலு தடவை நாக்குப் பிறழ்ந்தது. அஞ்சாவது தடவை சிரித்துவிட்டாள்.

"அக்கா, தாள வெச்சுருங்க. கடையில எப்படிப் பேசுவீங்களோ அப்படிப் பேசுங்க" என்றாள் சௌந்தர்யா.

அமலராணி பேசினாள். பதினொரு நிமிடம். புதுப் புளிக்கும் பழம் புளிக்கும் என்ன வித்தியாசம், எடை கூட்ட உப்புத் தண்ணி தெளித்து விற்கிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது, ரசத்துக்கு எவ்வளவு, மீன் குழம்புக்கு எவ்வளவு. நடுவில் ஒரு தடவை, "எங்க வீட்டுக்காரரு வெளிய உக்காந்திருக்காரு. அவரு நிறுத்தா முள்ளு கடுகளவு சாயாது. ஆனா வாயத் தொறக்க மாட்டாரு. அவருக்கும் சேத்து நாந்தான் பேசித் தொலைக்கணும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

கணவரைப் பற்றிய பகுதி சந்தைப்படுத்துதலில் அடங்காது, நீக்கிவிடவும் என்று சுப்புராஜ் எழுதிக் கொடுத்தார். நடுவிலிருந்து வெட்டுவது எப்படி என்று சௌந்தர்யாவுக்கு அப்போது தெரியாது. அதனால் அது இருந்துவிட்டது.

பிறகு வாரா வாரம் ஒரு பாரம் வந்தது. 'வலையொலி மூலம் கடைக்கு வந்த புதிய வாடிக்கையாளர்கள்' என்று ஒரு கட்டம். அமலராணி 'இல்லை' என்று எழுதி அனுப்பினாள். இல்லை என்ற சொல் மையத்தின் நடைமுறையில் கிடையாது என்று பாரம் திரும்பி வந்தது. 'எதிர்பார்க்கப்படுகிறார்கள்' என்று எழுத வேண்டுமாம். அதன் பிறகு அவள் வெள்ளிக்கிழமைதோறும் கடை வாசலில் நின்று கையை நெற்றியில் வைத்து ரோட்டை இரண்டு பக்கமும் பார்ப்பாள். "எதிர்பாத்துட்டேன். எழுதிருங்க" என்பாள். இஞ்ஞாசி எழுதுவார்.

ஐப்பசி மழையில் ஊரெல்லாம் காய்ச்சல் பரவியது. அமலராணிக்கும் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் பேச்சு நின்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இஞ்ஞாசி குனிந்து காதை அவள் வாயருகே வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில், செவிலி படுக்கை விரிப்பு மாற்ற வந்தபோது, அவள் போய்விட்டிருந்தாள்.

முப்பதாம் நாள் பூசை வரைக்கும் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு இஞ்ஞாசி கடையைத் திறந்தார். வருகிறவர்கள் கேட்ட அளவை நிறுத்துக் கொடுத்தார். கால் கிலோ கேட்டவர்கள் கால் கிலோவோடு போனார்கள். அவளுடைய முகம் நினைவில் இருந்தது, சுவரில் படமும் இருந்தது. குரலைத்தான் பிடிக்க முடியவில்லை. அவள் சொன்ன வார்த்தைகள் ஞாபகம் வந்தன, ஆனால் அவை அவருடைய மனசுக்குள்ளே அவருடைய குரலிலேயே கேட்டன. இருபத்தாறு வருடம் ஓயாமல் கேட்ட குரல் ஒன்றரை மாதத்தில் எங்கே போகும் என்று அவர் திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தார்.

அந்த நாட்களில்தான் அமலராணி பெயருக்கு மையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.

'அன்புடையீர், தங்களது வலையொலியினை இதுகாறும் மூன்று நேயர்கள் கேட்டுள்ளனர் என்பதை மகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தொடர்ந்து பேசுங்கள்.'

இஞ்ஞாசி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கடையைப் பாதியில் சாத்திவிட்டு பேகம்பூருக்கு நடந்தார். அங்கே நூர் அகமது பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். வருடக்கணக்காகப் புளி வாங்குகிறவர்.

"பாய், இந்தக் காயிதத்துல இருக்கது கேக்குமா?"

நூர் அகமது கடிதத்தை வாங்கிப் பார்த்தார். அமலராணி என்ற பெயரைப் பார்த்ததும் கடைசி அறையில் நாற்காலியைத் துடைத்து உட்காரவைத்து, காதில் மாட்டுகிற கருவியை அவரே மாட்டிவிட்டார். கம்ப்யூட்டர் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் சுற்றியது. பிறகு இஞ்ஞாசியின் இரண்டு காதுக்குள்ளும் அமலராணி தொண்டையைச் செருமினாள்.

அவர் வெளியே வந்தபோது நூர் அகமது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "நாளைக்கும் வாங்கண்ணே" என்றார்.

மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும். காலையில் கடை திறக்குமுன் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை. ரசத்துக்கு எவ்வளவு, மீன் குழம்புக்கு எவ்வளவு என்பதை ஒரு மனிதர் நாளுக்கு இரண்டு தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உப்புத் தண்ணி தெளிக்கிற மோசடியைப் பற்றிக் கேட்கும்போது அவருக்குக் கண்ணீர் வரும்.

"இத ஒரு சீடியில எடுத்துத் தர முடியாதா பாய்?"

நூர் அகமது முயன்று பார்த்தார். வேறு மாவட்டத்துக்காரர்கள் திருடிவிடக் கூடாதென்று மையம் அதைப் பூட்டி வைத்திருந்தது. கேட்கலாம், எடுக்க முடியாது. "நம்ம ஊருப் பூட்டுண்ணே, சாமானியத்துல தெறக்காது. மதுரையில ஒருத்தர் இருக்காரு, கூட்டியாரேன்" என்றார். ஒரு நாள் டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்து காதுக்கருவிக்கு ஒட்ட வைத்துப் பதிந்தும் பார்த்தார்கள். போட்டுக் கேட்டால் பக்கத்து அறையில் விளையாடியவர்களின் துப்பாக்கிச் சத்தம் மட்டும் தெளிவாக இருந்தது. அதற்கு அடியில் ஈ பறப்பதுபோல் ஏதோ ஒன்று. மதுரைக்காரர் வரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இதற்கிடையில் மையத்தில் திருவிழா ஆரம்பித்திருந்தது. பூட்டுக்கடை வலையொலிக்கு நேயர்கள் இரண்டு பேர். சுங்குடிச் சேலைக்கு நான்கு பேர், அதில் மூன்று பேர் சேலைக்காரரின் மைத்துனர்கள். மலை வாழைப்பழத்துக்கு ஒருவருமில்லை. புளிக்கு மட்டும் எண்ணிக்கை நாளொன்றுக்கு இரண்டாக ஏறிக்கொண்டே போனது. ஞாயிற்றுக்கிழமைகூட நிற்கவில்லை. சுவரில் ஒட்டிய வரைபடத்தில் கோடு மேல் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டதால், அதற்கு மேலே ஒரு தாளை ஒட்டினார்கள். அதையும் தாண்டியது. இன்னொரு தாள் ஒட்டியபோது அது மின்விசிறியைத் தொட்டது. கோட்டை நிறுத்த முடியாதாகையால் மின்விசிறியை நிறுத்தினார்கள்.

மாசி மாதத்தில் அமலராணிக்கு இரண்டாவது கடிதம் வந்தது. தொண்ணூறு நாட்களுக்குள் அவள் இரண்டாம் பகுதியைப் பேசித் தர வேண்டும், தவறினால் முதல் பகுதி நீக்கப்படும். இஞ்ஞாசி மையத்துக்கு ஓடினார். வரவேற்பு மேசையில் இருந்தவர் விதிமுறைகளைப் படித்துக்காட்டினார். பயனாளி நேரில் வந்து கேட்டால் அவகாசம் தரலாம். பதிவின் நகலும் தரலாம். பயனாளி வர முடியாவிட்டால் காரணம் எழுதித் தர வேண்டும்.

"வர முடியாதுங்க. அதான்..."

"இறந்துபோயிருந்தால் இறப்புச் சான்றிதழ் இணைக்கணும். இணைச்சா உடனே நீக்கிருவோம். இறந்தவங்க பயனாளியா இருக்க விதி இல்ல."

இஞ்ஞாசியின் சட்டைப்பையில் இறப்புச் சான்றிதழ் மடித்து இருந்தது. அதைத் தரத்தான் கொண்டுவந்திருந்தார். கை பையின் மேலேயே நின்றது.

"என்ன காரணம் எழுதட்டும்?"

இருபத்தாறு வருடத்தில் முள் கடுகளவு சாயாமல் நிறுத்த மனிதர். தொண்டையை இரண்டு தடவை செருமிக்கொண்டார்.

"ஊருக்குப் போயிருக்கா" என்றார்.

"எந்த ஊருக்கு?"

"அவுக அம்மா வீட்டுக்கு. சாணார்பட்டிப் பக்கம்."

"எப்ப வருவாங்க?"

"சொல்லல."

அதை எழுதி, முத்திரை குத்தி, ஆனி மாதம் வரை அவகாசம் கொடுத்தார்கள். அன்றைக்கு அவர் கோயிலுக்குப் போய், சொன்ன பொய்யைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நின்றார். தன் முறை வந்ததும் திரும்பி வந்துவிட்டார். மனம் வருந்துகிறேன் என்று சொல்ல வேண்டும். அதுவும் பொய்யாகிவிடும்.

ஆனியில் மையத்தின் முதலாண்டு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சென்னையிலிருந்து மேலதிகாரி வந்திருந்தார். 'ஆண்டின் சிறந்த வலையொலிக் குரல்' என்ற விருது அமலராணிக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. அவள் இன்னும் ஊரிலிருந்து திரும்பாததால் இஞ்ஞாசியை வரச் சொல்லியிருந்தார்கள். அவருக்குப் போக மனமில்லை. போகாவிட்டால் விசாரிப்பார்கள் என்ற பயத்தில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

சுப்புராஜ் பேசினார்.

"முந்நூற்று நாற்பத்தேழு நேயர்கள்! இவர்கள் யார்? எந்த நாட்டினர்? எமக்குத் தெரியாது. தெரியாதவர்களைச் சென்றடைவதே வலையொலியின் சிறப்பு. தெரிந்தவர்களிடம் விற்பதற்கு மையம் எதற்கு? புளி விற்றதா என்று சிலர் வினவுகின்றனர். விற்பனை என்பது பழைய அளவுகோல். நாம் அதைக் கடந்து வந்துவிட்டோம். இன்று விருது பெறும் அம்மையார்கூட இங்கே வரவில்லை, கவனியுங்கள். பேசியவர் வரத் தேவையில்லை. பேச்சு வந்தால் போதும். இதுவன்றோ முன்னேற்றம்!"

கைதட்டினார்கள். மேடையில் உட்கார்ந்திருந்த இஞ்ஞாசியின் தோளில் பெண்களுக்கான சால்வை ஒன்றைப் போர்த்தினார்கள். பிறகு வலையொலியைப் பெரிய ஒலிபெருக்கிகளில் போட்டார்கள்.

ஆறு மாதமாகக் காதுக்குள் மட்டும் கேட்ட குரல் மண்டபம் முழுக்க எழுந்தது. வாசலில் கட்டியிருந்த குழாய் வழியாக ரோட்டுக்கும் போனது. 'வாங்க வாங்க, தொட்டுப் பாருங்க, ஒட்டுனா நல்ல புளி' என்று அவள் கூப்பிட்டபோது, ரோட்டில் போன இரண்டு பேர் உண்மையிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். இஞ்ஞாசி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரரைப் பற்றி அவள் சொல்கிற இடம் வர இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. அவருக்கு அது மனப்பாடம். இத்தனை பேர் முன்னால் அவள் அதைச் சொல்லப்போகிறாள் என்று நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் அந்த இடத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டார்.

மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுப்புராஜ் கையைக் காட்டினார். குரல் பாதி வார்த்தையில் நின்றது.

இஞ்ஞாசி எழுந்துவிட்டார். "முழுசாப் போடுங்க."

"நேரமின்மை காரணமாக..." என்றார் சுப்புராஜ்.

"இன்னுஞ் செத்த நேரந்தாங்க. முழுசாப் போடுங்க."

"அம்மையார் ஊரிலிருந்து திரும்பியதும் நேரிலேயே கேட்டுக்கொள்ளலாமே."

"அவ வரமாட்டாங்க." இஞ்ஞாசிக்கு முன்னால் ஒலிவாங்கி இருந்தது. அவருடைய குரல் ரோடு வரைக்கும் போனது. "செத்துப்போயிட்டா."

மேலதிகாரி குனிந்து, "எப்ப?" என்றார்.

"போன ஐப்பசியில."

மேலதிகாரி கோப்பைத் திருப்பினார். "ஐப்பசி வரைக்கும் மூணு நேயர்தான் இருந்திருக்காங்க. மிச்சம் முந்நூற்று நாற்பத்துநாலு பேரும் அதுக்கப்புறம் கேட்டிருக்காங்களா?"

"பேருன்னு யாரும் இல்லீங்க. அம்புட்டும் நாந்தான். பாய் கடையில உக்காந்து கேப்பேன். காலையில ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா."

மேலதிகாரி சுப்புராஜைப் பார்த்தார். "அப்ப நேயர் ஒரே ஒருத்தரா?"

"ஒருவர்தான் ஐயா" என்றார் சுப்புராஜ். அவர் நெற்றி வேர்த்திருந்தது. "ஆனால் தரமான ஒருவர். மேலும், மறைவுக்குப் பின்னரும் சந்தைப்படுத்தும் ஆற்றல் என்று இதனைப் பதினைந்தாவது நன்மையாகச் சேர்க்கலாம்."

நிகழ்ச்சி நிரலில் 'பயனாளியின் அனுபவ உரை, அதைத் தொடர்ந்து கரவொலி' என்று போட்டிருந்தது. தொகுத்து வழங்கியவர் அதைப் பார்த்து, முதலில் அவர் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். இஞ்ஞாசி சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலை பேகம்பூரில் நூர் அகமது மூன்று கம்ப்யூட்டர்களிலும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பூட்டும் சுங்குடியும் இருந்தன. யாரும் கேட்காத வாழைப்பழம்கூட இருந்தது. "தேடியது கிடைக்கவில்லைன்னு வருதுண்ணே" என்றார். மதுரைக்காரரைக் கூட்டிவராத குற்றம் அவர் முகத்தில் இருந்தது.

இஞ்ஞாசி மையத்தின் படியேறினார். சுப்புராஜ் எழுந்து நின்று ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்தார். உட்கார்ந்து, நீக்க ஆணையைக் காட்டினார். நேற்று மாலையே கையெழுத்தாகியிருந்தது. கீழே 'நகல்: திருமதி அமலராணி, தகவலுக்காக' என்று இருந்தது.

"சார், எட்டாவது நன்மையில, ஒருக்கா பதிஞ்சா அழிவே இல்லன்னு சொன்னீகளே."

சுப்புராஜ் சுவரைத் திரும்பிப் பார்த்தார். தாள் அங்கேதான் தொங்கியது. "குரலுக்கு அழிவில்லை" என்றார் மெல்ல. "கோப்புக்கு உண்டு." பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்தார். "புளிப் பிரிவில் தற்போது ஓர் இடம் காலியாக உள்ளது. தாங்களே பேசலாமே?"

"எனக்குப் பேச வராதுங்க."

"பயிற்சி உண்டு. மூன்று நாள்."

இஞ்ஞாசி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். படியில் பாதி இறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சௌந்தர்யா ஓடி வந்தாள்.

"ஐயா, நில்லுங்க. நானே என் கையால அழிக்க வேண்டியதாப் போச்சுங்க. அதுக்கு முன்னால ஒண்ணு எடுத்து வெச்சரலாம்னு பாத்தனுங்க. சீடி வேணும்னு மூணு மாசமா எழுதிக் குடுத்துட்டு இருக்கனுங்க, வரவே இல்ல. வெளியில வாங்கியாரதுக்குள்ள ஆபீசருங்க பக்கத்துல வந்து நின்னுக்கிட்டாங்க."

"நீ என்னம்மா செய்வ" என்றார் இஞ்ஞாசி. போகத் திரும்பினார்.

"ஐயா, ஒண்ணு சொல்லோணுங்க. அன்னிக்கு அக்கா பேசறதுக்கு முன்னால ஒரு பாரம் நிரப்பினோமுங்க. அதுல எதிர்பார்க்கும் நேயர் எண்ணிக்கைன்னு ஒரு கேள்வி. எத்தனைன்னு போடட்டுமுங்கக்கான்னு கேட்டேன். ஒண்ணுன்னு போடுன்னாங்க. ஏனுங்கக்கா ஒண்ணேதானான்னு சிரிச்சேன். 'அந்த மனுசன் வெளிய உக்காந்திருக்காருல்ல, அவரு கேப்பாரு'ன்னாங்க. கம்ப்யூட்டர் ஒண்ணை ஏத்துக்கலீங்க. நாலு இலக்கம் வேணும்னுச்சு. நாந்தான் ஆயிரம்னு மாத்திப் போட்டனுங்க."

இஞ்ஞாசி சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். கீழே சைக்கிள் கடையில் யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணுன்னு போடுன்னாங்க. வெளிய உக்காந்திருக்காரு, அவரு கேப்பாருன்னு."

"அவ சொன்ன மாதிரியே சொல்லும்மா."

சௌந்தர்யாவுக்கு மெல்லிய குரல். ஊர்ப் பேச்சும் வேறு. அவள் ஒரு படி இறங்கி வந்து நின்று, கண்ணை மூடி யோசித்து, குரலை உயர்த்தி, கடை வாசலில் நின்று கூப்பிடுகிறவளைப்போல ஒவ்வொரு சொல்லையும் இழுத்துச் சொல்லிப் பார்த்தாள்.

"ஒண்ணுன்னு போடு தாயி. அந்த மனுசன் வெளிய உக்காந்திருக்காருல்ல, அவரு கேப்பாரு."

இஞ்ஞாசி தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடினார்.

"இன்னொருக்கா" என்றார்.